ரிப்பேருக்குப் போய்ட்டு வந்த கம்ப்யூட்டர் ஏன் கொதிக்குது, கீபோர்டு ஏன் படுத்துக்குது

ரிப்பேருக்குப் போய்ட்டு வந்த கம்ப்யூட்டர்ல புதுசா ஒரு கோளாறு தெரிஞ்சா, மொதல்ல அந்தக் கோளாறத் தேடாதீங்க, ரிப்பேர் பண்ணவங்க கை எங்கெங்க பட்டுச்சுன்னு தேடுங்க. இத நான் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன், இப்ப எழுதியும் வச்சிடறேன், ஏன்னா மாமா வீட்டு மெஷின்ல நடந்ததப் பாத்தப்புறம் இத விளக்கமா சொல்லியே ஆகணும்னு தோணிடுச்சு. அங்க ரெண்டு பிரச்சன. ஒண்ணு சூடு, இன்னொண்ணு கீபோர்டு. பாக்குற யாரும் ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னுதான் சொல்வாங்க. ஆனா ரெண்டயும் சேத்துப் பிடிச்சு இழுத்தாதான் விஷயம் வெளிய வந்துச்சு.

மாமா ரங்கூன்ல, தாமுவேல ஒரு சின்ன ரூம்ல டிடிபி வேலை பாக்குறாரு. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், அப்புறம் ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள். 1960-கள்ல தனியார் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் இந்த ஊர்ல தமிழ் படிப்பு கோயில் மண்டபத்தையும் நாலு நல்ல மனுஷங்களையும் நம்பித்தான் ஓடுது, அந்தப் பிள்ளைங்க கையில போற தாள்ல பாதி மாமா அடிச்சுக் குடுக்குறது, அதுக்கு அவர் காசு கேக்குறதும் இல்ல. அதனால அந்த மெஷின் படுத்துக்கிச்சுன்னா அது அவர் ஒருத்தர் கஷ்டம் மட்டும் இல்ல. அதுவும் பங்குனி உத்திரத்துக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டிய நேரம் பாத்து படுத்துச்சு.

மெஷின் ரொம்பப் பழசு இல்ல, புதுசும் இல்ல. இன்டெல்லோட 4ஆவது தலைமுறை ஐ5, 84 வாட் ப்ராசஸர், ஹெச்81 மதர்போர்டு, கூட வந்த அந்த வட்டமான இன்டெல் ஃபேன். ஒரு நாள் கரண்டு போய்த் திரும்ப வந்தப்ப ஆன் ஆகவே இல்ல. ரங்கூன்ல இருக்குறவங்களுக்கு இது புதுசா சொல்லணுமா, கரண்டு வந்தா தெருவே "மீ லாபி!", அதாவது கரண்டு வந்துடுச்சுன்னு கத்தும், அந்த நிமிஷத்துலயே எல்லா வீட்டு மோட்டார், ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் ஒண்ணா இழுக்கும், வோல்டேஜ் ஏறும் இறங்கும், அதுல பவர் சப்ளை போய்டும். கடையில குடுத்தாரு. அவங்க பவர் சப்ளை மாத்தி, உள்ள தூசி தட்டி, ஃபேனக் கழட்டித் துடைச்சு, விண்டோஸ் 10 புதுசாப் போட்டுக் குடுத்துட்டாங்க. கடையில நல்லாத்தான் ஓடியிருக்கு, மாமாவே நின்னு பாத்துட்டுதான் வாங்கிட்டு வந்திருக்காரு.

வீட்டுக்கு வந்தப்புறம் போன் வந்துச்சு.

"ஏம்மா, பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடுது. காலைல ஆன் பண்ணா கறுப்பு ஸ்கிரீன்ல ஏதோ எழுத்து வந்து நிக்குது, கீபோர்டு அமுக்குனா ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. கீபோர்டும் போச்சா?"

"மாமா, என்ன எழுத்துன்னு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஒண்ணும் வாங்கிடாதீங்க, நான் வர்றேன்."

போட்டோவுல இருந்தது, சிபியூ ஃபேன் எரர் (ப்ராசஸர் ஃபேன்ல கோளாறு), எஃப்1 அமுக்குங்க. இந்த ஒரு வரியிலயே பாதி பதில் இருக்கு. எஃப்1 அமுக்கணும், ஆனா கீபோர்டு வேலை செய்யல. அதாவது போர்டு எதச் சொல்லி எச்சரிக்குதோ அதத் தாண்டிப் போகவும் முடியாது, உள்ள போய் என்னன்னு பாக்கவும் முடியாது.

இங்க கீபோர்டத்தான் மொதல்ல சரி பண்ணணும், ஏன்னா பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங் ஸ்கிரீனுக்குள்ள போனாத்தான் சூடு எவ்வளவுன்னு தெரியும். கீபோர்டு எங்க சொருகியிருக்குன்னு பாத்தேன். டேபிள் சுவத்தோட ஒட்டி இருக்குறதால பின்னாடி கை போகாது, அதனால மாமா எப்பவுமே கேபினட் முன்பக்க யூஎஸ்பிலதான் சொருகுவாரு. முன்பக்க ஓட்டைங்க போர்டோட நேரா இல்ல, ஒரு வயர் உள்ள வந்து போர்டுல ஒம்பது பின் இருக்குற ஒரு இடத்துல சொருகும். பவர் சப்ளை மாத்தும்போது அந்த வயர நகத்தாம வேலை செய்யவே முடியாது. உள்ள தெறந்து பாத்தா அது ஒரு பக்கம் தூக்கிட்டு, பாதி சொருகி நிக்குது. அதான் சமயத்துல வேலை செய்யுது, சமயத்துல செய்யல, கேபினட்ட ஒரு தட்டு தட்டினா வருது. அந்த நேரத்துக்கு கீபோர்ட எடுத்துப் பின்னாடி கறுப்பு யூஎஸ்பிலே சொருகினேன், உடனே எஃப்1 எடுத்துச்சு. கீபோர்டுக்கு ஒண்ணுமே ஆகல.

கறுப்புல சொருகினேன்னு சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. நீல நிறத்துல இருக்குறது யூஎஸ்பி 3. விண்டோஸ் 7 தனியா அந்த நீல ஓட்டைக்கு டிரைவர் வச்சுக்கிட்டு வரல, அதனால பழைய மெஷின்ல 7 போடுறவங்களுக்கு இன்ஸ்டால் ஸ்கிரீன் வந்ததும் கீபோர்டும் மவுஸும் செத்த மாதிரி ஆயிடும், கறுப்புக்கு மாத்தினா உயிர் வந்துடும். 10-ல அந்தத் தொல்ல இல்ல, ஆனா பயாஸ் லெவல்ல சந்தேகம் வந்தா எப்பவும் பின்பக்கக் கறுப்பு ஓட்டைதான் நம்பகமானது. பழைய ஊதா நிற உருண்டை பின் கீபோர்டு யாராவது வீட்டுல வச்சிருந்தா தூக்கிப் போடாதீங்க, இந்த மாதிரி நேரத்துக்கு அத மாதிரி உதவுறது எதுவும் இல்ல. ஒண்ணு மட்டும், அத மெஷின ஆஃப் பண்ணிட்டுத்தான் சொருகணும், ஓடும்போது சொருகினா எடுக்காது.

சரி, உள்ள போனோம். பயாஸ்ல தேதி பாத்தா வருஷமே தப்பு, 2014-ன்னு காட்டுது. மாமா அப்பத்தான் சொல்றாரு, "ஆமாம்மா, நெட்டுல எந்தப் பக்கம் தெறந்தாலும் பாதுகாப்பு இல்லன்னு சிவப்பா வருது". தேதி தப்பா இருந்தா அப்படித்தான் வரும், வெப்சைட்டோட சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்லன்னு ப்ரௌசர் நெனச்சுக்கும். இந்தத் தேதிதான் எனக்கு முழுக் கதையும் காட்டிக் குடுத்துச்சு.

போர்டுல ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். மெஷினுக்குக் கரண்டு வராதப்ப கடிகாரத்தையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்துறது அதோட வேலை. இத கவனிங்க, கரண்டு வராதப்ப மட்டும்தான். சுவிட்ச் போர்டுல கரண்டு இருக்குற வரைக்கும், மெஷின் ஆஃப்ல இருந்தாக்கூட, பவர் சப்ளைலேர்ந்து கொஞ்சம் கரண்டு போர்டுக்குப் போய்ட்டே இருக்கும், பேட்டரி செத்திருந்தாலும் யாருக்கும் தெரியாது. வேற ஊர்ல வருஷக்கணக்கா தெரியாமலே ஓடும். நம்ம ஊர்ல ஒரு நாளைக்குத் தாங்காது, கரண்டு போனதும் எல்லாம் மறந்துடும். மீட்டர் வச்சுப் பாத்தா மாமா பேட்டரி 2 வோல்ட்டக்கூடத் தாண்டல. 2.8-க்குக் கீழ போனாலே மாத்திடறது நல்லது.

இப்ப கடையில நடந்தத யோசிங்க. ஃபேனத் திரும்ப மாட்டும்போது அதோட வயர போர்டுல சிபியூ ஃபேன்னு எழுதியிருக்குற இடத்துல சொருகாம, பக்கத்துல சிஸ்டம் ஃபேன்னு இருக்குற இடத்துல சொருகிட்டாங்க. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளயும் போய்டும், ஃபேனும் சுத்தும். ஆனா சிபியூ ஃபேன் இடத்துல சுத்து ஜீரோன்னு போர்டுக்குத் தெரியும், அதனால எரர் காட்டுது. எரர் வந்ததும் பயாஸ்ல போய் இந்த எச்சரிக்கையக் கண்டுக்காதேன்னு செட் பண்ணிட்டாங்க. அதோட எரர் போச்சு, கடையில ஜெனரேட்டர் விடாம ஓடுறதால பேட்டரி செத்ததும் தெரியல, மெஷின் வெளிய வந்துடுச்சு. வீட்டுக்குக் கொண்டு வர வயரக் கழட்டினதும் போர்டுக்கு வர்ற கரண்டு நின்னுச்சு, பேட்டரி செத்திருந்ததால அந்த செட்டிங் அழிஞ்சுது, பழைய எச்சரிக்கை திரும்ப வந்துச்சு, எஃப்1 அமுக்கச் சொன்னுச்சு, முன்பக்க வயர் பாதி சொருகியிருக்க கீபோர்டு எடுக்கல. மாமாவுக்குத் தெரிஞ்சது கடைசி ரெண்டும்தான்.

வயர் மாறிச் சொருகினதோட விளைவு எரர் மட்டும் இல்ல. சிபியூ ஃபேன் இடத்துல இருந்தா ப்ராசஸர் சூடு ஏற ஏற ஃபேன் வேகத்த போர்டு ஏத்தும். சிஸ்டம் ஃபேன் இடத்துல போர்டோட பொதுவான சூட்ட வச்சுத்தான் வேகம், அது மெதுவாத்தான் ஏறும், ப்ராசஸர் உள்ள கொதிச்சுட்டு இருக்கும்போது ஃபேன் சாவகாசமா சுத்தும். பயாஸ்ல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், 70-ல ஆரம்பிச்சது 88 வரைக்கும் ஏறுது. பயாஸ்ல ப்ராசஸர் ஓய்வெடுக்காது, அதனால டெஸ்க்டாப்ல சும்மா இருக்குறதவிட அங்க கொஞ்சம் சூடு கூடத்தான் இருக்கும், அதப் பாத்து பயப்பட வேண்டாம். ஆனா நிக்காம ஏறிட்டே போறது நல்லதுக்கு இல்ல. இந்த ப்ராசஸருக்கு 100 டிகிரிதான் எல்லை, அதத் தொட்டா தானே வேகத்தக் கொறைச்சுக்கும், அப்பவும் அடங்கலன்னா மெஷினயே நிறுத்திடும். தானா ஆஃப் ஆகுதுன்னு மாமா சொன்னது இதத்தான். அது கெட்டுப்போனதால ஆஃப் ஆகல, தன்னக் காப்பாத்திக்க ஆஃப் ஆகுது.

வயர சரியான இடத்துக்கு மாத்தினேன். ஃபேன் சத்தம் கூடுச்சு, எரர் போச்சு, பயாஸ்ல 60-கள்ல நின்னுச்சு. இதோட விட்டிருக்கலாம்தான். ஆனா விண்டோஸுக்குள்ள போய் சூட்டக் காட்டுற கோர் டெம்ப் சாஃப்ட்வேர் போட்டு, ஒரு பெரிய பேனர எக்ஸ்போர்ட் பண்ணச் சொன்னா சர்ருன்னு 96-க்குப் போய்டுச்சு. ஃபேன் முழு வேகத்துல சுத்தியும் சூடு எறங்கலன்னா சூடு ஃபேனுக்கு வந்தே சேரலன்னு அர்த்தம்.

இந்த இன்டெல் ஃபேனுக்கு நாலு கால் இருக்கும். ஒவ்வொரு கால்லயும் அடியில பிளந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முனை ஒண்ணு, அதுக்கு நடுவுல எறங்குற கறுப்புக் குச்சி ஒண்ணு. வெள்ள முனை போர்டு ஓட்டையத் தாண்டி அந்தப்பக்கம் வரணும், அப்புறம் மேல அமுக்கினா கறுப்பு எறங்கி வெள்ளைய விரிக்கும், டக்குன்னு சத்தம் வரும், அப்பத்தான் பிடிச்சதுன்னு அர்த்தம். மேல இருக்குற அம்புக்குறி கழட்டுறதுக்குத் திருப்ப வேண்டிய திசை, மாட்டுறதுக்கு இல்ல. மாட்டும்போது நாலையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வச்சுட்டு, குறுக்கா எதிரெதிரா அமுக்கணும். வரிசையா ஒரு பக்கமா அமுக்கினா மறுபக்கம் தூக்கிக்கும். மாமா மெஷின்ல ராம் பக்கம் இருக்குற ஒரு கால் உள்ள போகவே இல்ல, வெள்ள முனை ஓட்டையோட விளிம்புல மடங்கி உக்காந்திருக்கு. விரலால ஃபேனோட அந்த மூலையத் தூக்கினா லேசா ஆடுது. கேபினட்டுக்குப் பின்பக்கத் தகட்டுல ப்ராசஸருக்கு நேரா வெட்டு விட்டிருந்தா அந்த வழியா டார்ச் அடிச்சுப் பாக்கலாம், நாலு வெள்ள முனையும் ஒரே அளவு விரிஞ்சு தெரியணும்.

கழட்டிப் பாத்தா, ப்ராசஸர்லேர்ந்து ஃபேன் பக்கம் சூட்டக் கடத்துற பேஸ்ட் பழசு. ஓரத்துல காஞ்சு பொடியா உதிருது, நடுவுல திட்டுத்திட்டா, தூசிய மட்டும் தொடைச்சுட்டு அதே பேஸ்ட் மேலயே திரும்ப உக்கார வச்சிருக்காங்க. ஒரு தடவ கழட்டினா பேஸ்ட் புதுசாத்தான் போடணும், பழசுல காத்து புகுந்துடும், அந்தக் காத்து சூட்டக் கடத்தாது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு வர்ற வரைக்கும் தொடைச்சு, நடுவுல ஒரு பச்சரிசி அளவு வச்சேன், அவ்வளவுதான். நெறைய வச்சா நல்லா குளிரும்னு நெனைக்குறவங்க உண்டு, அது ஓரத்துல பிதுங்கி வழியும், அவ்வளவுதான் லாபம். கழட்டும்போது ஒரு விஷயம், மெஷின கொஞ்ச நேரம் ஓட்டிட்டுக் கழட்டினா பேஸ்ட் இளகி சுலபமா வரும். இன்டெல்ல ப்ராசஸர இரும்புச் சட்டம் அமுக்கிப் பிடிச்சிருக்கும், பயமில்ல. ஏஎம்4 சாக்கெட் ஏஎம்டி ப்ராசஸர் வச்சிருக்குறவங்க நேரா மேல இழுக்காதீங்க, ப்ராசஸரும் கூடவே பிடுங்கிட்டு வந்துடும், பின் வளையும். மெதுவா ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பி எடுங்க.

நாலு காலும் டக் டக்குன்னு பிடிச்சுது. அதே பேனர், அதே எக்ஸ்போர்ட், 71-க்கு மேல போகல. அதுவும் மத்தியானம், ரூம் சூடே 36.

ரூம் சூடப் பத்தி நம்ம ஊருக்காரங்க கண்டிப்பா புரிஞ்சுக்கணும். ஃபேன் ப்ராசஸர ரூமவிடக் குளிரா ஆக்கவே முடியாது. ரூம் எவ்வளவோ அதுக்கு மேல ஒரு கணக்கு, அவ்வளவுதான். ரூம் 26-ல இருக்கும்போது 61 காட்டுற மெஷின், ரூம் 40 ஆனா 75 காட்டும், மெஷின்ல எந்த மாத்தமும் இல்லாமலே. கரண்டு போனதும் ஏசியும் சீலிங் ஃபேனும் நிக்கும், இன்வெர்ட்டர்ல கம்ப்யூட்டர் மட்டும் ஓடும், தகரக் கூரைன்னா தஜான் (பர்மாவோட தண்ணித் திருவிழா) சமயத்துல கேக்கவே வேணாம். அதனால சரியாயிடுச்சான்னு சோதிக்கிறதா இருந்தா காலைல ஏசி போட்டுட்டு சோதிக்காதீங்க, மத்தியானம் கரண்டு இல்லாத நேரமாப் பாத்து சோதிங்க.

பவர் சப்ளை மாத்தி வாங்குறவங்களுக்கு இன்னொண்ணு. சில மலிவான பவர் சப்ளைல பின்னாடி சிவப்பு சுவிட்ச் ஒண்ணு இருக்கும், 115, 230-ன்னு. நமக்கு 230. அது 115-ல இருக்கும்போது சொருகினா டப்புன்னு வெடிச்சுடும், கூட எதெது போகும்னு சொல்ல முடியாது. சொருகறதுக்கு முன்னாடி ஒரு பார்வ. அப்படியே பின்பக்கம் கார்டு சொருகுற எடத்துல இரும்பு மூடி எல்லாம் இருக்கான்னும் பாருங்க, கழட்டினத மாட்டாம விட்டா பல்லி உள்ள போய் வெதுவெதுப்பா போர்டுமேல படுத்துக்கும். அதுவும் சாகும், போர்டும் சாகும்.

கீபோர்டு கத அதோட முடியலங்க. எல்லாம் ஓட ஆரம்பிச்சப்புறம் மாமா உக்காந்து டைப் அடிக்குறாரு, தமிழே வரல. விண்டோஸ் புதுசாப் போட்டதால அவரோட தமிழ்99 லேஅவுட் போய்டுச்சு, கடையில பர்மிஸ் லேஅவுட் மட்டும் போட்டு அனுப்பியிருக்காங்க. சென்னைல 1999 தமிழ்நெட் மாநாட்டுக்கப்புறம் தமிழ்நாடு அரசாங்கம் ஏத்துக்கிட்ட லேஅவுட் அது, மாமா கை அதுலதான் ஓடும். விண்டோஸ் 10-ல தமிழ்னு சேத்தா மொதல்ல வேற ஒண்ணு வந்து நிக்கும், கீபோர்டு சேக்குற எடத்துல போய் தமிழ் 99-ன்னு தனியா தேர்ந்தெடுக்கணும். பர்மிஸ், தமிழ், இங்கிலீஷ் மூணும் இருக்கும்போது ஆல்ட்டும் ஷிஃப்டும் தெரியாம சேந்து பட்டாலே லேஅவுட் மாறிடும், அதத்தான் பாதிப் பேரு கீபோர்டு போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறாங்க. கீழ மூலைல மொழிப் பேரப் பாத்தாலே தெரிஞ்சுடும். பர்மிஸ்லயும் ஒரு சிக்கல். 2019 அக்டோபர் 1-ந்தேதி நாடே யூனிகோடுக்கு மாறுச்சு, ஆனா மாமாகிட்ட வர்ற பழைய ஃபைல்ல நெறைய இன்னும் ஸோஜிங்குற பழைய ஃபான்ட்ல அடிச்சது, அதத் தெறந்தா எழுத்து தாறுமாறா தெரியும். அது ஃபான்ட் விஷயம், கீபோர்டக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

இன்னொரு பொய்க் கோளாறு, வலது ஷிஃப்ட எட்டு செகண்ட் அமுக்கிப் பிடிச்சா ஃபில்டர் கீஸ்னு ஒண்ணு ஆன் ஆகும், அப்புறம் வேகமா அடிச்சா எழுத்தே விழாது. நெஜமாவே பட்டன் போயிருக்கான்னு பாக்க ஸ்கிரீன் கீபோர்டத் தெறந்து வச்சுட்டு ஒவ்வொரு பட்டனா அமுக்குங்க, அமுக்குற பட்டன் அங்க மின்னணும். மின்னாதது மட்டும்தான் செத்தது. பால் டீ கொட்டின கீபோர்டுன்னா அந்த வரிசையே ஒட்டிக்கும், அதுக்கு வேற கீபோர்டுதான் வழி.

கடைக்காரர்கிட்ட பேசினேன். "சயா, ஃபேன் வயர் எடம் மாறியிருந்துச்சு, எச்சரிக்கைய ஆஃப் பண்ணியிருக்கீங்க"ன்னேன். கஸ்டமர் பயந்துடுவாங்கன்னு ஆஃப் பண்ணேன்னு சொன்னாரு, மாத்தின புது பேட்டரிக்குக் காசு வாங்கிக்கல. நல்ல மனுஷன்தான், ஒரு நாளைக்கு எத்தன மெஷின் பாப்பாரு. வயர் மாறுறது, கால் பிடிக்காம போறது எல்லாம் நடக்கும், அதுல எனக்குக் கோவம் இல்ல. எச்சரிக்கைய வாயடைச்சு அனுப்புறத மட்டும் என்னால ஏத்துக்க முடியல. அந்த எஃப்1 எழுத்து மட்டும் திரும்ப வரலன்னா மெஷின் ஏன் ஆஃப் ஆகுதுன்னே தெரியாம மாமா மாசக்கணக்கா அதோட மல்லுக்கட்டியிருப்பாரு.

நோட்டீஸ் அடிச்சாச்சு. இப்ப என் கவலை அடுத்ததுல. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவ நிறுத்திடுச்சு, 11-க்கு இன்டெல்ல 8ஆவது தலைமுறையாவது வேணும்னு சொல்றாங்க, மாமாவோடது 4. நல்லா ஓடுற மெஷின இதுக்காகத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. லினக்ஸ்ல ஐபஸ்ங்குற டைப்பிங் வசதி வழியா தமிழ்99 அடிக்கலாம், பர்மிஸ் யூனிகோடும் வரும், ஆனா அவர் டிசைன் பண்ற சாஃப்ட்வேர் அங்க இல்ல, அதுக்குப் பதிலா இங்க்ஸ்கேப்பும் ஸ்க்ரைபஸும் பழகணும். தஜான் லீவுல பழைய ஹார்டு டிஸ்க் ஒண்ணுல போட்டு பாடத்தாள் ஒண்ண அதுலயே அடிச்சுப் பாக்கலாம்னு மாமாவ சம்மதிக்க வச்சிருக்கேன்.